பல்லைப் பார்த்து வீடு கொடுத்த லாயத்தய்யா

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். சொல்லும் விஷயத்தில் கிளறல் இருக்காது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: மகாராஜா காலத்திலிருந்து இன்றுவரை இந்த மைசூரில், வீடு கேட்டு வந்தவர்களின் பல்லைப் பார்த்து வீடு கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் லாயத்தய்யா.

ஹனூர்ப் பக்கத்து ஆள். முப்பது வருஷம் குதிரை லாயத்தில் இருந்தவர். தசராவுக்கு முன்னால் பீரங்கி வெடித்துக் குதிரைகளுக்குச் சத்தம் பழக்குவார்கள். குதிரைகள் பழகிக்கொண்டன, பக்கத்தில் நின்ற இவருக்குத்தான் காது மந்தமாகிவிட்டது. அவரிடம் பேசினால் தெருவுக்கே கேட்கும். அவர் பதில் சொன்னால் அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

அக்ரஹாரத்துக்குப் பின்னால் சாவுகாரம்மா ஒருத்தருக்கு ஒரு வடாரம் இருந்தது. ஒரே முற்றம், சுற்றிலும் எட்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. அந்த அம்மாள் இருந்தது நஞ்சன்கூட்டில். வடாரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, லாயத்து வேலை முடிந்துபோன இவர் போய் நின்றார்.

“வீடு வாடகைக்கு விட்டுப் பழக்கம் உண்டாய்யா?”

“இல்லீங்க. இருவது குதிரையைக் கட்டிப் பாத்திருக்கறனுங்க.”

“குதிரையும் குடித்தனக்காராளும் ஒண்ணா?”

“இல்லீங்க. குதிரை பொய் சொல்லாதுங்க.”

சாவுகாரம்மா சிரித்துவிட்டார். சாவிக்கொத்தையும், இருந்துகொள்ள வாசல் பக்கத்து அறையையும் கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு வீட்டில் மூன்று குழந்தைக்கு மேல் கூடாது. முன்னால் இருந்த பிள்ளைகள் கிணற்றுக் கயிற்றில் ஊஞ்சல் கட்டி ஆடியிருந்தார்களாம்.

முதலில் வீடு கேட்டு வந்தவர் ஒரு சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தா. லாயத்தய்யா அவரை மூன்று முறை சுற்றி வந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். பின்னால் போய்ப் படீரென்று கை தட்டினார். மனிதர் ஒரு முழம் துள்ளினார்.

“மெரளுதே! ராத்திரியில உதைக்குங்களா?” என்று குமாஸ்தாவின் மனைவியைக் கேட்டார்.

அந்த அம்மாளும் யோசித்து, “கொஞ்சம்” என்றாள்.

“அப்ப ஓரத்து வீடு.”

மழையில் குமாஸ்தா வீட்டு ஓடு ஒழுகியது. போய்ச் சொன்னார்கள். லாயத்தய்யா ஒரு கட்டு வைக்கோலைத் தூக்கி வந்து தரை முழுக்கப் பரப்பிவிட்டு, “இனி வழுக்காதுங்க” என்றார். கூரையைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் புரிய இரண்டு மழை ஆயிற்று. கிணற்றடியில் மூன்றாம் வீட்டுக் கெம்பம்மா யாரோடாவது சண்டைக்கு நின்றால், இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி வைப்பார். “வாயில வெல்லம் இருந்தாக் கடிக்காதுங்க.” சிரிக்காதீர்கள். சண்டை நின்றது.

நாங்கள் போனது அப்புறம். என் வீட்டுக்காரருக்கு ரயில் பட்டறையில் வேலை. என் பிள்ளைகள் ஆறு, தாய் தகப்பன் இல்லாத என் கொழுந்தனார் பிள்ளைகள் மூன்று. எங்களைப் பார்த்ததும் தெருத் தெருவாகக் கதவைச் சாத்தினார்கள்.

“எத்தன குட்டி, அம்மணி?” என்றார் லாயத்தய்யா.

“ஒன்பது.”

“எத்தன?”

“ஒன்பது!” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

எங்கள் யாருடைய பல்லையும் அவர் பார்க்கவில்லை. “குட்டியோட நிக்கறதைத் தெருவுல உடறதுங்களா? எட்டாம் வீடு, போ” என்றார்.

தசராவுக்கு நாலு நாள் இருக்கும்போது, சாவுகாரம்மா வடாரத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஒன்பது தெரிந்தால் நாங்கள் மறுபடி தெருவில். லாயத்தய்யாவுக்கு வேலையும் போகும், அறையும் போகும். ஊரிலும் அவருக்கு யாரும் இல்லை.

“மூணு உங்கிட்ட இருக்கட்டும் அம்மணி. மிச்சம் ஆறையும் ஆறு வீட்டுல பிரிச்சுக் கட்டிரலாம்” என்றார். கெம்பம்மாகூடக் கன்னடத்தில் வைதுகொண்டே என் இரண்டாவது பெண்ணை இழுத்துக்கொண்டு போனாள். அவர் பிரம்பைத் தட்டினால் ஒவ்வொன்றும் தன் தன் வாசலில் போய் நிற்க வேண்டும். மூன்று நாள் ஒத்திகை. தசரா ஊர்வலத்து ஜம்பு சவாரிக் குதிரைகூட அப்படி நின்றிருக்காது.

சாவுகாரம்மா வந்தார். எட்டு வாசலையும் பார்த்தார். எட்டு வீட்டிலும் ஆள், கிணற்றடியில் சத்தமில்லை. முகம் மலர்ந்துபோயிற்று. கூடையைத் திறந்து குழந்தைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு தேங்காய்க் கொப்பரி மிட்டாய் கொடுத்தார்.

அதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

என் வீட்டில் ஒரு வழக்கம். யார் எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கக் கூடாது. அம்மா மடியில் போட வேண்டும், அம்மா பங்கு வைப்பாள். அடித்துப் பழக்கியது நான்தான். ஆறு வாசலிலிருந்து ஆறு, என் முதுகுக்குப் பின்னாலிருந்து மூன்று, ஒன்பதும் ஓடிவந்து மிட்டாயை என் மடியில் போட்டன. “அம்மா, பங்கு வை” என்றது கடைசி. லாயத்தய்யா பிரம்பைத் தட்டுகிறார், தட்டுகிறார், ஒன்றும் நகரவில்லை.

“என்னய்யா இது?” என்றார் சாவுகாரம்மா. லாயத்தய்யா காது கேட்காத மாதிரி இரண்டு முறை நின்றார். மூன்றாம் முறை சாவிக்கொத்தை அந்த அம்மாளின் காலடியில் வைத்தார்.

“ஒம்போதுங்க. தப்பு என்னுதுங்க, என்னை அவுத்து உட்ருங்க. அவங்க இருக்கட்டும். கெடைச்சதைப் பங்கு வெச்சுத் திங்கற குட்டிங்க, கெணத்தைக் கெடுக்காதுங்க.”

சாவுகாரம்மா கூடைக்குள் கைவிட்டுத் துழாவினார். மிச்சமிருந்த ஒரு மிட்டாயை என் மடியில் போட்டார்.

“பத்தா வையம்மா. அந்த மனுஷனுக்கும் ஒண்ணு குடு. மென்னுண்டிருந்தாலாவது கத்தாமல் இருப்பார்.”

பதினேழு வருஷம் அந்த எட்டாம் வீட்டில் இருந்தோம். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் எது செய்தாலும் பத்துப் பங்குதான். கடைசிப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, லாயத்தய்யா மெல்ல மாப்பிள்ளைக்குப் பின்னால் போய்ப் படீரென்று கை தட்டினார். பையன் அசையவில்லை.

“கட்டலாம், அம்மணி!” அடுத்த தெருவுக்கும் கேட்டது.

அந்தப் பையன்தான் உன் அப்பா, கௌரி. எழுதியது போதும், கை வலிக்கிறது. எங்கே, முதலிலிருந்து படித்துக் காட்டு பார்க்கலாம்.

இன்னும் உரக்கப் படி, கண்ணு. சுவரில் படமாகிவிட்டாலும் லாயத்தய்யாவுக்குக் காது மந்தம்.