அறுபத்து நான்காம் இருக்கைக்காரருக்கு

ஜெர்மனியின் கொலோனில் பிரஸ்ஸல்ஸ் ரயில் கிளம்பியபோது ஜன்னலோரத்தில் ஹில்டெபுர்க் அம்மாள் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்திருந்தார். எதிரே பெல்ஜியத்துக்காரர் வூட்டர், சீஸ் வைத்த பன்னோடு. அவர் பக்கத்தில் மனைவி லீவ். ஹில்டெபுர்க் அம்மாளுக்குப் பக்கத்து இருக்கை, எண் அறுபத்து நான்கு, காலி. அதன் மேல் சின்ன விளக்கெழுத்தில் 'பதிவு: கொலோன் – பிரஸ்ஸல்ஸ்' என்று ஓடிக்கொண்டிருந்தது. நடைபாதையில் பைமேல் குந்தியிருந்தவள் கல்லூரி மாணவி ஸ்வென்யா. கதவோரம் பச்சைக் கோட்டுப் பெண்மணி ஒருவர் சாய்ந்து நின்றார். இவர்களுக்கு நடுவே ஒற்றைக்காலில் ரைன்ஹோல்ட்.

அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. உட்கார்ந்தே ஆகவேண்டும், முன்பதிவு செய்ய மறந்துவிட்டார். ஆனாலும் கவலைப்படவில்லை. கால் மணி நேரத்துக்குள் ஆள் வராவிட்டால் யாரும் உட்காரலாம் என்பது அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விதி. அதுவரை காவல் காத்தால் போதும்.

ஐந்தாவது நிமிடமே ஸ்வென்யா உட்காரப் போனாள்.

"நில்லும்மா! காசு கட்டிப் பதிவு பண்ணினவங்க சீட்டு அது," என்று மறித்தார் ரைன்ஹோல்ட்.

"ஆளையே காணோமே சார்?"

"வந்தா என்ன, வராட்டி என்ன? பிரஸ்ஸல்ஸ் வரைக்கும் அது அவங்களோடதுதான். முறைன்னா முறை!"

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் வூட்டர், பன்னை மென்றபடி.

கால் மணி நேரம் கழிந்தது. ரைன்ஹோல்ட் அந்த இருக்கையில் உட்கார மெல்ல உடம்பை இறக்கினார்.

"சார், பிரஸ்ஸல்ஸ் வரைக்கும்னீங்க?" ஸ்வென்யா கண்ணைச் சிமிட்டினாள்.

இறங்கிய உடம்பு பாதியிலேயே நின்றது. நல்லவேளையாகப் பரிசோதகர் வந்தார்.

"ஐயா, இந்த சீட்டுல ஆள் வரல. நான் உட்காரலாம்னு நீங்களே இவகிட்ட சொல்லிடுங்க."

பரிசோதகர் கைக்கருவியைத் தட்டிப் பார்த்தார். "வரலையா? ஏறியாச்சே! டிக்கெட்டை நானே பாத்திருக்கேன். மூஞ்சிதான் ஞாபகம் இல்ல." சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

ஹில்டெபுர்க் அம்மாள் பேனாவை மூடினார். "ஏறினவர் எங்கே போயிருப்பார்?"

"டாய்லெட்ல மயங்கிக் கிடக்கிறாரோ என்னவோ!" என்றார் லீவ்.

யாராவது போய்ப் பார்க்கத்தானே வேண்டும்? ரைன்ஹோல்ட் நொண்டிக்கொண்டே போனார். பூட்டிய கதவு ஒன்றைத் தடதடவென்று தட்டினார். உள்ளேயிருந்து பிரெஞ்சில் வண்டை வண்டையாக வசவு வந்தது. திரும்பும்போது முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"நீங்க உட்காருங்க சார்," என்றார் பச்சைக் கோட்டுப் பெண்மணி. "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அவங்க சார்பா நீங்க எப்படி மேடம் பேசலாம்? விஷயம் தெரியாம நடுவுல வராதீங்க."

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"வேணாம் மேடம்!"

பெண்மணி மறுபடி கதவில் சாய்ந்துகொண்டார். லியேஜ் நிலையம் வந்தது, போனது. அறுபத்து நான்காம் ஆள் ரயிலின் உணவகப் பெட்டியில் தூங்குகிறார் என்றார் வூட்டர். பெண்டாட்டிக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார் என்றார் லீவ். இருக்கை மட்டும் கோயில் கருவறைபோல் யாரும் நெருங்காமல் காலியாகவே இருந்தது.

பிரஸ்ஸல்ஸ் நெருங்கியது. ரைன்ஹோல்டுக்கு மனது ஆறவில்லை. தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து எழுதினார்:

'மதிப்புக்குரிய அறுபத்து நான்காம் இருக்கைக்காரருக்கு, தாங்கள் வராதபோதும் தங்கள் இருக்கை ஒருவர் பின்புறமும் படாமல் காக்கப்பட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். என் முழங்கால் சாட்சி. தாங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் நிம்மதியாகத் தூங்குவேன்.'

தன் முகவரியையும் எழுதி உறையிலிட்டு, நாக்கால் தடவி ஒட்டினார். கதவருகே நின்ற பரிசோதகரிடம் நீட்டினார். "எப்படியாவது அந்த ஆள்கிட்ட சேத்துடுங்க."

உறை பரிசோதகர் கைக்குப் போகுமுன் பச்சைக் கோட்டுக் கை ஒன்று குறுக்கே வந்து அதை வாங்கிக்கொண்டது.

"பதிலை இப்பவே சொல்லிடறேன் சார். முதுகுப் பிடிப்பு, உட்கார முடியல. என் சீட்டுல யாராவது உட்கார மாட்டீங்களான்னு கொலோன்லேர்ந்து பாத்துக்கிட்டே நிக்கிறேன்."