முகம் பார்க்கும் கத்திகள்

என் அக்கா செல்வியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முக்கால் மணி நேரம் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அதற்குக் காரணம் கேஸ் தீர்ந்துபோனதல்ல. அப்பா அன்றைக்கு எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார். பாவம், அவசரத்துக்கு அவருக்கு வேறு பொய் கிடைக்கவில்லை. உண்மையான காரணம் நான்தான். நானும், நான் பளபளப்பாக்கிய ஒன்பது கத்திகளும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். மைசூரில் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு இரும்பு அச்சு செய்யும் ஒரு பட்டறையில், பாலிஷ் பிரிவில் எனக்கு வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அச்சின் உட்புறத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவதுதான் வேலை. முதலில் எண்ணெய்க் கல், அப்புறம் சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் எமரித் தாள்கள், கடைசியில் கம்பளித் துண்டில் துளி வைரப் பசை தடவி மெருகு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தாலும் அச்சு திரும்பி வந்துவிடும். என்னுடையது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. (வீட்டில் இதைத் தினமும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.)

மாப்பிள்ளை முருகேசன் ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று அவர் தரையைப் பார்த்தார், அக்கா காபி டம்ளரைப் பார்த்தாள். அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் அவருடைய அம்மா அன்றைக்கே ஒன்று சொல்லிவிட்டுப் போனார். டவுன்காரர்கள் வீட்டு விசேஷத்தில் சாப்பாடு ஒருநாளும் நேரத்துக்கு வராதாம். அது அக்காவின் மனதில் முள்ளாய்த் தைத்துவிட்டது.

"நகை, புடவை எதுவும் எனக்குப் பெருசில்லடா. சாப்பாடு மட்டும் லேட்டாச்சுன்னா, ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவாங்க," என்றாள் என்னிடம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் சமையல்காரர் சாவித்ரம்மா பாத்திரங்களை மண்டபத்தில் இறக்கிவிட்டு, கத்திகள் மழுங்கிவிட்டன, சாணை பிடித்து வைக்கச் சொல்லுங்கள் என்று ஒரு துணி மூட்டையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை என்னிடம் கொடுத்து, மார்க்கெட் பக்கம் சாணைக்காரரிடம் எடுத்துப் போகச் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம்! வீட்டில் இப்படி ஒருவன் இருக்கும்போது சாணைக்காரரா?

வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். எண்ணெய்க் கல்லில் ஆரம்பித்தேன். எமரித் தாளில் இரண்டாவது சுற்று முடிந்ததும் செய்தித்தாளைப் பிடித்து வெட்டிப் பார்த்தேன். சர்ரென்று இறங்கியது. புத்தியுள்ளவன் அங்கேயே எழுந்து கை கழுவியிருப்பான். ஆனால் அலகில் இன்னும் கோடுகள் தெரிந்தனவே! கோடு தெரிந்தால் எங்கள் பிரிவில் அது முடிந்த வேலையே இல்லையே! இன்னும் நைஸான தாள், அதற்கும் மேல் நைஸ், அப்புறம் பட்டறையில் கேட்டு ஃபிலிம் ரோல் டப்பாவில் வாங்கி வந்திருந்த வைரப் பசை. கம்பளியில் விளிம்பை முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டித் தேய்த்தேன். பொழுது சாய்வதற்குள் ஒன்பது கத்தியிலும் என் முகம் தெரிந்தது. அதன்பிறகு ஒன்றையும் வெட்டிப் பார்க்கவில்லை. கைரேகை பட்டுவிடுமே என்ற கவலை எனக்கு.

மறுநாள் விடிந்ததும் கத்திகளைப் பரிசுப் பொருள் மாதிரிக் காகிதத்தில் சுற்றி சாவித்ரம்மாவிடம் நீட்டினேன். பிரித்ததும் ஒரே ஆச்சரியம். மாப்பிள்ளையின் சித்தி ஒருவர் ஒரு கத்தியை வாங்கி அதில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார். நான் அடக்கமாகச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றும்.)

சாவித்ரம்மா தக்காளி மேல் கத்தியை வைத்து இழுத்தார். கத்தி வழுக்கிக்கொண்டு பலகைக்குப் போனது. மறுபடி இழுத்தார். தக்காளி பிதுங்கியது. பீன்ஸ் வளைந்தது. பச்சைக்காயும் ஊறவைத்த பருப்பும் கலக்கும் கோசம்பரிக்கு வைத்திருந்த வெள்ளரிக்காய் உருண்டு ஓடியது.

அவர் கத்தியையும் என்னையும் பார்த்தார். "ஏனப்பா, இதுல சமையல் பண்றதா, மேக்கப் பண்றதா?"

அந்தக் கோடுகள்தான் கத்திக்குப் பல் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பல்லை எல்லாம் பிடுங்கி, விளிம்பையும் கம்பளியில் உருட்டி மொண்ணையாக்கி வைத்திருக்கிறேன். மண்டபத்தில் இருந்ததோ இரண்டே அரிவாள்மணை. வெட்ட வேண்டிய காய் மூன்று கூடை. சாணைக்காரர் கடை திறக்கப் பத்து மணி ஆகும். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விஷயம் அக்காவுக்குப் போனது. எண்ணெய்க் குளியல் முடிந்து தலையில் துண்டோடு வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கத்திகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய், துணி துவைக்கும் கல்லில் தண்ணீர் தெளித்து, கரகரவென்று தேய்க்க ஆரம்பித்தாள். வீட்டில் தினமும் அவள் செய்வதுதான். மருதாணி வைத்த கை, கழுத்தில் மஞ்சள், எதிரே மழுங்கிய கத்தி. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தேய்க்கிறேன் என்று கிட்டே போனேன்.

"நீ தொடாத," என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா மாப்பிள்ளை பல் துலக்க அங்கே வரவேண்டும்? பிரஷ் வாயில் இருக்க அப்படியே நின்றுவிட்டார். நாங்களும் நின்றுவிட்டோம். கல்யாணப் பெண் கத்தி தீட்டுவதைப் பார்த்து எந்த மனிதனுக்கும் யோசனை வரத்தானே செய்யும்! அவர் வாயைக் கொப்பளித்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், கல்லின் மறுபக்கம் குந்தினார்.

"ஒண்ண இங்க குடுங்க. நானுந் தேய்க்கறனுங்க."

அக்கா நிமிர்ந்து பார்க்காமலே ஒரு கத்தியை நகர்த்தினாள். "இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க," என்றாள். அதுதான் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு. ஒன்பதும் முடியும்வரை இருவரும் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருமுறை சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அப்படியும் சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதம். மாமியார் இலை முன்னால் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் இருந்த மகன், "காய் அரிஞ்ச கத்தி நான் தீட்டுனதும்மா, மெதுவாத்தான் வெட்டும்," என்றார். அந்தம்மாள் வாயை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ ஆயிரம் அச்சுக்கு மெருகு போட்டுவிட்டேன். என் வேலையைப் பற்றி மட்டும் வீட்டில் பேசுவதில்லை. அன்றைய கத்திகளில் ஒன்றை அக்கா கேட்டு வாங்கிப் போனாள். அதைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து இப்போது பாதிதான் மிச்சம். நான் ஹனூர் போனால், காய் அரிய உட்காருமுன் அக்காவின் மாமியார் அதை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். மச்சான் சீப்பை எடுத்து வந்து, கத்தியைக் கொஞ்சம் தேய்த்துக் கொடு, முகம் பார்த்துத் தலை வாரணும் என்பார்.

அக்கா பயந்தது அப்படியே நடந்துவிட்டது. சாப்பாடு லேட்டானதை ஆயுசு பூரா சொல்லிக் காட்டுகிறார்கள். அவளிடம் இல்லை, என்னிடம். அந்தப் பேச்சை எடுத்துக்கொடுப்பவளே அவள்தான்.