ஒரு முனையைப் பூமியில் இணைக்கவும்

ஹோர்னிலிருந்து வெளிப்பட்ட இரண்டு கம்பிகளில் ஒன்று பற்றறியைச் சேர்ந்துவிட்டது. மற்றதைக் கையிற் பிடித்தபடி திரு. அழகரத்தினம் தமது மோட்டார் சைக்கிளின் அருகே முக்கால் மணி நேரமாகக் குந்தியிருந்தார்.

அவருடைய மனைவி புஸ்பம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஹோர்னோட வந்த அந்தக் கடுதாசியில என்னதான் எழுதிக் கிடக்கு?"

"ஒரு கம்பிய பற்றறியில இணை, மற்றதை எர்த்தில இணை எண்டு கிடக்கு."

"எர்த் எண்டா?"

"பூமி."

அழகரத்தினம் ஆங்கிலப் பாடசாலையில் மொழிபெயர்ப்புக்குப் பரிசு பெற்றவர். ஆகையால் அவ்விடயத்தில் அவருக்கு ஐயம் எழ நியாயமில்லை.

"சைக்கிள் பூமியிலதானே நிக்குது?" என்றாள் புஸ்பம்.

"அது றப்பர் சில்லில நிக்குது. உனக்கு விளங்காது, போ."

ஓர் ஆணியில் கம்பியைச் சுற்றி, முற்றத்து மணலில் அறைந்து, கைப்பிடியில் பூட்டியிருந்த ஹோர்ன் பொத்தானை அழுத்தினார். வேலியில் இருந்த காகம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் ஹோர்ன் ஊதியாக வேண்டும்.

அழகரத்தினம் ஊரூராகச் சென்று அம்மைநோய் வராதிருக்கப் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்தும் உத்தியோகத்தர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மண்டூருக்கு அப்பால் உள்ள கருங்காலிவெளி என்னும் சிற்றூரின் சனங்கள் நாற்பத்திரண்டு பேர் கைநாட்டு வைத்து, சுகாதாரக் கந்தோருக்கு ஒரு மனு அனுப்பியிருந்தார்கள். 'உத்தியோகத்தரின் வண்டியும், மிட்டாய் கொண்டுவரும் மிசன் சுவாமியாரின் வண்டியும் ஒரே சத்தமாயிருப்பதால், வருபவர் எவரென அறியாது இடர்ப்படுகிறோம். உத்தியோகத்தரின் வருகையைத் தூரத்திலேயே உணர்ந்து தக்க ஆயத்தம் செய்துகொள்ளும் பொருட்டு, அவரது வண்டியில் ஒரு ஹோர்ன் பூட்டுவிக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறோம்.'

அதை வாசித்தபோது அழகரத்தினத்தின் கண்கள் கலங்கின. இத்தனை மரியாதையை அவர் எந்த ஊரிலும் கண்டதில்லை.

மனுவின் கீழே மேலதிகாரியான டாக்டர் வினாயகமூர்த்தி சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'ஆவன செய்க. வெள்ளி காலை அவ்வூருக்கு உம்முடன் வந்து, ஹோர்னையும் உமது வேலையையும் பார்வையிடுவேன். திருப்தியாயின் நியமனம் உறுதி. அன்றேல் வேறொருவர்.'

வேலை போனால் மனைவி வீட்டில் வெறுங்கையோடு குந்தியிருக்க வேண்டும். அவ்வீட்டில் ஏற்கெனவே இரண்டு மருமகன்மார் அவ்வாறு குந்தியிருந்தார்கள்.

*

மறுநாட்காலை அவர் காத்தான்குடிக்குச் சென்று, ஹோர்னை விற்ற அப்துல் கபூரின் கடையில் நின்றார்.

"என்ன ஐயா, ஊதல்லையா?"

"ஊதயில்ல, காக்கா."

"என்ட சாமான் ஊதும் ஐயா. கொழும்பில கார் கவிழ்ந்து கிடக்கக்குள்ளயும் இது ஊதிக்கொண்டுதான் கிடந்த. பற்றறியிலயிருந்து இரும்புச் சட்டத்துக்கு ஒரு கம்பி நானே பூட்டித் தந்தனே. மறுகா நீங்க என்ன செஞ்ச?"

"கடுதாசியில உள்ளபடி பூமியில இணைச்சன்."

"என்ன பூமி?"

"எங்கட வளவு. வெள்ளை மணல்."

கபூர் நெற்றியைத் தடவினார். "மணலா? மணலில கத்தரியே காய்க்குதில்ல, ஹோர்ன் எப்பிடி ஐயா ஊதும்? வயல் வட்டைக்க இறங்கி நல்ல களிமண்ணா, ஈரமா எடுங்க."

"வண்டி ஓடக்குள்ள மண்ணை எப்பிடிக் கொண்டுபோறது?"

"தகரத்தில. நான் விக்கிற ஆள் ஐயா, பூட்டுற ஆளில்ல. ஆனா வெள்ளைக்காரன் மண் எண்டு எழுதினா அது மண்தான்."

அழகரத்தினம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வட்டையில் இறங்கினார். வரம்பில் நின்ற வயற்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"ஐயா, என்ட வயலில மண் அள்ளி ஆருக்குச் செய்வினை செய்யப் போறீங்க?"

"செய்வினை இல்ல, அண்ணன். ஹோர்னுக்கு."

"அவன் எந்த ஊர்?"

அழகரத்தினம் மண்ணை அள்ளிக்கொண்டு வீடு திரும்பினார்.

பிஸ்கட் தகரமொன்றில் களிமண்ணை நிரப்பி, இரும்புக் கொளுக்கியால் வண்டியின் பின்னிருக்கைப் பக்கத்தில் தொங்கவிட்டார். கம்பி சுற்றிய ஆணியை மண்ணில் நட்டுப் பொத்தானை அழுத்தினார். ஊதவில்லை. ஆணியை இன்னும் ஆழமாக அமுக்கினார்.

வயிற்றுவலி கண்ட எருமைபோல ஹோர்ன் கதறிற்று.

ஆணி தகரத்தின் அடியைத் தொடும்போதெல்லாம் அது ஊதியது. அழகரத்தினம் அதனை அடிமண்ணின் சிறப்பு என்று குறித்துக்கொண்டார்.

"பூங்கண்டு ஒண்டும் நட்டா வடிவா இருக்கும்," என்றாள் புஸ்பம்.

அவர் அதைப் பொருட்படுத்தாது, மண் அப்பிய பெருவிரலாற் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தி மகிழ்ந்தார். வியாழன் காலையில், பொத்தானுக்குள் புகுந்த மண் காய்ந்து, அமுங்கிய பொத்தான் மேலெழ மறுத்தது. ஊசியாற் கிண்டினார். உள்ளேயிருந்த சுருளிக்கம்பி துள்ளி, கிணற்றுக்குள் விழுந்தது. பொத்தான் அமுங்கியபடியே நின்றுவிட்டது.

இனி ஹோர்னை ஊதவைக்க ஆணியை அமுக்க வேண்டும். நிறுத்த ஆணியை உயர்த்த வேண்டும். வண்டி ஓட்டுபவரின் கைக்கு அது எட்டாது.

"அப்ப பின்னுக்கு இருக்கிற ஆள்தான் ஊத வேணும்," என்றாள் புஸ்பம். "நாளைக்கு ஆர் பின்னுக்கு இருக்கிற?"

அழகரத்தினம் கிணற்றுக்கட்டில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை காலை, டாக்டர் வினாயகமூர்த்தி வெள்ளைக் காற்சட்டை அணிந்து வந்தார். கருங்காலிவெளிப் பாதையில் கார் போகாது. பின்னிருக்கையில் ஏறப் போனவர் தயங்கி நின்றார்.

"மிஸ்டர் அழகரத்தினம், இது என்ன?"

"பூமி, சேர்."

"என்ன?"

"எர்த், சேர். கடுதாசியில உள்ளபடி. அந்த ஆணிய மட்டும் சேர் தயவுசெய்து..."

டாக்டர் தகரத்தை நெடுநேரம் நோக்கினார். அவர் மருத்துவம் படித்தவர், மின்சாரம் படித்தவரல்லர். ஆயினும் அதனைக் கீழுத்தியோகத்தர்களிடம் கூறும் வழக்கம் அவருக்கில்லை. "நல்லது," என்று ஏறி அமர்ந்தார்.

வண்டியோடு வாவியைத் தோணியிற் கடந்து கரையேறியதும் முதலாவது பள்ளம் வந்தது. தகரம் குலுங்க, ஆணி அடிவரை இறங்கியது. ஹோர்ன் கதறத் தொடங்கியது.

"நிற்பாட்டும்!"

"ஆணிய உயர்த்துங்க, சேர்!"

டாக்டர் உயர்த்தினார். அடுத்த பள்ளத்தில் அது மீண்டும் இறங்கியது. இரண்டு மைல் தூரமும் பள்ளங்களே. எருமைகள் வாலைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடின. கொக்குகள் கூட்டமாக எழுந்து வாவியின் மறுகரைக்குச் சென்றன. அரை மைலில் டாக்டர் ஆணியைக் கைவிட்டார். ஒரு மைலில், களிமண் தெறித்த தமது காற்சட்டையையும் பார்ப்பதை விட்டார்.

அழகரத்தினத்தின் கண்களுக்குப் பாதை சரியாகத் தெரியவில்லை. பத்து ஆண்டு படித்த படிப்பும், பரிசும், புஸ்பத்தின் தகப்பனார் நம்பிக் கொடுத்த சீதனமும் அந்தக் கதறலில் கரைந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு நம்பிக்கைதான் எஞ்சியிருந்தது. ஹோர்ன் கெட்டுப்போனாலும் அம்மைப்பால் இருக்கிறது. முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஒழுங்காகக் குத்திவிட்டால், டாக்டர் மனமிரங்கக் கூடும்.

கருங்காலிவெளியில் வண்டியை நிறுத்தி, அழகரத்தினம் ஆணியை உயர்த்தினார். ஊர் மிக அமைதியாக இருந்தது.

முதல் வீட்டில் பாதி குடித்த கஞ்சிக் கோப்பைகள் நான்கு வரிசையாக இருந்தன. இரண்டாம் வீட்டில் வெறும் ஏணைத் தொட்டில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"பிள்ளையளா?" என்றாள் மூன்றாம் வீட்டுக்காரி. "அதுகள் கலியாண வீட்டுக்குப் போயிட்டுதுகள் ஐயா."

"கலியாணம் எங்க?" என்றார் அழகரத்தினம்.

"அது... இன்னும் பொருந்தல்ல ஐயா."

டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். "முப்பத்தொரு பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர், மிஸ்டர் அழகரத்தினம். ஒருவரையும் காணோமே?"

"போன முறை தாங்களாகவே றோட்டுக்கு ஓடி வந்ததுகள், சேர். சத்தியமா."

டாக்டர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஒரு வரி எழுதி, அதன் கீழே கோடும் இழுத்தார். அக்கோட்டின் நீளத்தைக் கண்டபோதே நியமனம் போய்விட்டதென அழகரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. அவர் வண்டியின் அருகே சென்று, ஆணியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இனி அந்த ஹோர்ன் யாருக்கும் ஊத வேண்டியதில்லை.

அவர் வண்டியில் ஏறிய தருணத்தில், கடைசி வீட்டு ஆச்சிப்பிள்ளை முந்தானையாற் கையைத் துடைத்தபடி படலைக்கு வெளியே ஓடி வந்தாள்.

"ஐயா, போகக்குள்ளயும் ஒருக்கா நல்லா ஊதிட்டுப் போங்க. பிள்ளையள் பத்தைக்குள்ள ஒளிச்சு பசியோட கிடக்குதுகள். நீங்க போயிட்டீங்க எண்டு அதுகளுக்குத் தெரிய வேணுமே."