தரை எட்டாப் படலம்

நகரெங்கும் நடைபாதைகளின் ஓரத்தில் வரிசை பிறழாமல் அமர்ந்திருக்கும் விளிம்புக் கற்களே, இந்தக் காதைக்குக் காப்பாக வந்து நில்லுங்கள்! உங்கள் தலைமேல் இடக்கால் ஊன்றி இவ்வுலகை வென்ற ஒருவனைப் பாடத் துணிந்தோம். வாழ்க அவன்! மூக்குக்கண்ணாடிக் கடையின் தனிப்பெரும் அதிபன், கிட்டப்பார்வையை ஓட ஓட விரட்டியவன், தூரப்பார்வையைத் தேடிப் போய்த் தீர்த்தவன், ஊரார் கண்களையெல்லாம் அளந்து அளந்து அலுத்தும் தன் காலை ஒருமுறையேனும் அளந்து பார்க்காத குறுங்காற் பெருவீரன் வாழ்க! வாழ்க!

அவன் ஏறிய நெடுங்காற் புரவியின் மாண்பை என்னென்று இயம்புவோம்? தார்ச்சாலைக்கு உரிய முகவிளக்கும் இண்டிகேட்டரும் பக்கக் கண்ணாடிகளும் சட்டப்படி பூண்டது. ஆயினும் கல்லையும் சேற்றையும் கடித்துத் துப்பும் முண்டு முண்டான டயர்களும், நாரையின் கால்போல் நீண்ட முன் ஃபோர்க்கும், வானத்தையே முட்டப் போவதுபோல் உயர்ந்த மட்கார்டும் வாய்த்தது. காலையில் கடைக்குப் போகும், மாலையில் மலையேறும். “ரோட்டுக்கும் இதுதான், காட்டுக்கும் இதுதான் சார். ஒரே வண்டி, ரெண்டு வாழ்க்கை!” என்று விற்பனையாளர் முழங்கியபோது, அதுவரை ஒரு வாழ்க்கையையே அரைகுறையாக வாழ்ந்திருந்த நம் வீரன் அந்த இடத்திலேயே உருகிப் போனான்.

விதி அங்கேதான் பல்லிளித்தது. அந்த விற்பனைக்கூடத்தில் வண்டி ஒரு பள்ளத்திலும், ஏறிப் பார்ப்போர்க்கான மேடை அதன் இருபுறமும் மேட்டிலும் அமைந்திருந்தன. வீரன் ஏறினான், இரு பாதங்களையும் அகல ஊன்றினான், அரசன்போல் தலையை நிமிர்த்தினான், கையெழுத்திட்டான். வெளியே வந்து ஏறியபோது இருக்கை இருந்தது, கைப்பிடி இருந்தது, வானம்கூட இருந்தது, தரையைத்தான் காணவில்லை.

ஆயினும் அவன் அஞ்சினானா? இல்லை! ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட செங்கற்சூளைக்குப் பின்னால் சரளையும் முள்ளும் விரவிக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில், ஃபுட்ரெஸ்டின் மேல் எழுந்து நின்று, முழங்கால் வளைத்து, புழுதிப் படலம் எழுப்பிப் பறந்தான். அங்கே சிவப்பு விளக்கு இல்லை, வரிசை இல்லை, நிற்க வேண்டிய கட்டாயமே இல்லை. நிற்காத வரை அவனை வெல்ல எவரும் இல்லை. வாரம் முழுவதும் ‘இதுல தெரியுதா, அதுல தெரியுதா’ என்று கேட்டு நொந்த அந்த மனிதன், அங்கே உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான்.

பாறையைத் தாண்டிய அந்தப் பரியைச் சமதரை வீழ்த்தப் பார்த்தது. ஆகவே வீரன் ஓர் அரிய போர்த்தந்திரம் வகுத்தான். எங்கெல்லாம் நிற்க நேருமோ அங்கெல்லாம் இடப்பக்கம் உயர்ந்த நடைபாதை இருக்கும்படி ஊரையே மறுபடியும் வரைந்துகொண்டான். வங்கி வாசல் கல் உயரம், நன்று. மருந்துக்கடை வாசல் கல் உடைந்தது, ஆகாது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடைக்கு, ஊரைப் பாதி வலம் வந்து போய்ச் சேர்ந்தான். இந்த ரகசியம் அவன் ஒருவனுக்கே தெரியும் என்று நம்பினான். அப்படி நம்பியாக வேண்டிய அவசியமும் இருந்தது. ஏனெனில் வண்டி வந்த நாளிலேயே அவன் மனைவி, நீச்சல் பயிற்சியாளர், குளக்கரையில் விசில் ஊதினால் தண்ணீரே ஒரு கணம் அசையாமல் நிற்கும் ஆற்றல் வாய்ந்தவள், இப்படி ஒரு பிரகடனம் செய்திருந்தாள்:

“ஒரே ஒரு தடவை இதோட கீழ விழுந்தீங்கன்னா போதும். அன்னைக்கே வித்துடணும். சரியா?”

“சரி” என்றிருந்தான் வீரன். செங்கற்சூளை ஞாயிறுகள் அனைத்தும் அந்த ஒற்றைச் சொல்லின் நுனியில் தொங்கின.

வந்தது அந்த நாள். மனைவியின் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் போயிருக்க, அவள் மாணவர்களுக்குப் போட்டி தொடங்கும் நேரம் நெருங்க, “என்னைக் கொண்டு போய் விடுங்க” என்ற ஆணை போர்முரசாய் ஒலித்தது. வீட்டு வாசற்படியிலிருந்து வீரன் புரவிமேல் தாவினான். அவளும் பின்னால் ஏறினாள். வழக்கம்போல் இடப்பக்கம் திரும்பினான், மீண்டும் இடப்பக்கம் திரும்பினான், மூன்றாம் முறை திரும்பப் போகையில் முதுகில் ஒரு விரல் குத்தியது.

“இப்ப எங்க போறோம்? நம்ம வீட்டுக்கேவா? நேரா போங்க!”

நேரே போனான். வழியில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த சாலை, பெருங்கார்களெல்லாம் நத்தையாய் ஊர்ந்து முனகும் பள்ளக்காடாக விரிந்து கிடந்தது. புரவிக்கு வெறி வந்தது. மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, ஜல்லிக் குவியலை முகர்ந்துவிட்டுத் தாண்டியது. மேலே அமர்ந்திருந்தோர்க்கோ ஊஞ்சல் ஆடியதுபோல் இருந்தது. அப்போது அவன் செவியில் ஓர் அரிய ஓசை விழுந்தது. அவள் சிரித்தாள்.

“அட, குலுங்கவே இல்லையே! இது நல்லா இருக்கே!”

வீரனின் மார்பு சட்டைப் பொத்தான்களைச் சோதித்தது. அந்தோ, அதே கணத்தில் எதிரே செக்கச் சிவந்த ஒற்றைக் கண்ணைத் திறந்தான் நாற்சந்தி அரக்கன்! அவனருகே நொடிகளைக் காட்டும் பலகை மூன்று இலக்கத்தில் தொடங்கிச் சாவகாசமாக இறங்கியது. இடப்பக்கத்து நடைபாதையை முழுதும் மறைத்து நின்றது மதங்கொண்ட களிறனைய ஒரு பேருந்து, வலப்பக்கம் தண்ணீர் லாரி, முன்னே கார், பின்னேயும் கார். சாய ஒரு தூணில்லை, பற்ற ஒரு கிளையில்லை. ‘ஏ பேருந்தே! உன் மூதாதையர் எவருக்கேனும் கருணை இருந்திருப்பின் ஓரடி முன்னே நகர்!’ என்று மனத்துள் முழங்கினான். பேருந்து கரும்புகையை விட்டது. நிற்காமலும் போகாமலும், கைப்பிடியை இடமும் வலமும் ஆட்டி, அங்குலம் அங்குலமாக அவன் ஊர்ந்த அந்த ஊர்தலை எந்தப் பரணியும் பாடியதில்லை. சின்னஞ்சிறு ஸ்கூட்டரில் இரு பாதங்களையும் தாரில் பதித்து அமர்ந்திருந்த பார்சல்காரர் ஒருவர் அதைப் பார்த்துப் பொறுமையிழந்தார்.

“சார், நிக்கிறீங்களா, போறீங்களா? ஏதாவது ஒண்ணு பண்ணுங்க.”

முன்சக்கரம் முன்னாலிருந்த காரை முத்தமிட்டது. இனி நகர இடமில்லை. வீரன் தன் கடையிலேயே விலையுயர்ந்த கண்ணாடிக்குப் பின்னே கண்களை இறுக மூடினான். செங்கற்சூளையை நினைத்தான். புழுதியை நினைத்தான். இடக்காலை நீட்டினான், அது காற்றில் தொங்கியது. வலக்காலை நீட்டினான், அதுவும் தொங்கியது. வீழ்ச்சிக்காகக் காத்திருந்தான்.

வீழவில்லை!

கண் திறந்தான். வண்டி மலைபோல் நின்றது. ஆகா, தரையின் துணையுமின்றி, கல்லின் தயவுமின்றி, வெறும் மன உறுதியால் இரண்டு சக்கரங்களை நிமிர்த்தி நிறுத்திய வீரன் இவனன்றி எவன்? கால்களை இன்னும் கொஞ்சம் தாராளமாகவே தொங்கவிட்டான். பார்சல்காரரைக் கருணையோடு நோக்கினான். பார்சல்காரர் குனிந்து கீழே பார்த்தார், பிறகு பின்னால் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின. ஐயுற்ற வீரன் பக்கக் கண்ணாடியைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பினான்.

அதில் இரண்டு கான்வாஸ் ஷூக்கள் தெரிந்தன. பக்கத்துக்கு ஒன்றாக, தார்மேல் முழுப் பாதமும் படிய, அசையாமல் இருந்தன. அவற்றுக்கு உரியவளோ போட்டிக்கு வந்துவிட்ட மாணவர்களுக்குச் சாவகாசமாகக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” வீரனின் குரல் மிகவும் மெலிந்திருந்தது.

“என்னைக்கு நீங்க கடைக்குப் போக ஊரையே சுத்த ஆரம்பிச்சீங்களோ, அன்னைக்கே தெரியும்.”

“அப்போ... வித்துடணுமா?”

“எதுக்கு? நாமதான் விழலையே. அதுவும் இவ்வளவு நல்ல வண்டியை!” பச்சை விழுந்தது. அவள் பாதங்களைத் தூக்கிக்கொண்டாள். “அந்தப் பேருந்தைத் தாண்டி பிளாட்பாரம் இருக்கு பாருங்க. அங்க நிறுத்தி இறங்குங்க.”

விளிம்புக் கற்களே, சாட்சி சொல்லுங்கள்! நிறுத்தினான். இறங்கினான். களத்தின் எண்திசையும் ஒருமுறை நோக்கினான். பேருந்துப் பயணிகள் அனைவரும் சாளரந்தோறும் முகம் வைத்துப் பார்க்க, இருக்கைமேல் முன்னே நகர்ந்து கைப்பிடியைப் பற்றினாள் அந்த நெடுங்கால் நெடுந்தகை.

அதற்குப் பிறகு வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள், அவன் பின்னால் உட்கார்ந்து போகிறான்.