எலுமிச்சம்பழத்துக்கு அஞ்சாத பேய்

“அப்பா, அம்மாவுக்கு எந்த மாசம் லீவு வுடுவாங்கோ?”

இரண்டாம் வகுப்பு மகிழினி காலாண்டு விடுமுறையின் முதல் நாளில் இப்படிக் கேட்டாள். டீயை ஆற்றிக்கொண்டிருந்த கிருஷ்ணப்பன் ஆற்றிக்கொண்டே இருந்தான். டீ ஆறிப்போனது.

அவன் மனைவி தாயம்மாவின் நாள் விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கும். வியாசர்பாடிக் குடியிருப்பில் கீழே தண்ணீர் வரும் நேரம் அது. மூன்றாவது மாடிக்குப் பத்துக் குடம். பிறகு வாசல், சமையல், சாமான் தேய்ப்பது, பேசின் பிரிட்ஜ் பக்கம் அட்டைப்பெட்டி கம்பெனி. திரும்பி வந்தால் மறுபடி சாமான். ஞாயிற்றுக்கிழமையும் இதேதான், கூடவே துணி.

இவளை எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும் என்று முடிவெடுத்த கிருஷ்ணப்பன், ஒரு வாரம் போனில் சிக்கனச் சுற்றுலா வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான். ஏலகிரிக்கு ரூம் வாடகை இடித்தது. பழவேற்காட்டுக்குப் படகு வாடகை இடித்தது. சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் வாடகையே மிச்சம் என்றது ஒரு வீடியோ.

“அவங்களுக்கு வாங்கினு போற ஸ்வீட்டு, பழம், புள்ளைங்க கைல குடுக்குற காசு, அத்தயெல்லாம் கூட்டிப் பாத்தியா? ரூமே போட்லாம்” என்றாள் தாயம்மா. “அங்க போனா அவங்க சாமானையும் சேத்து நான்தான் தேய்க்கணும்.”

அப்போதுதான் செல்லக்கனி அக்கா அந்த யோசனையைச் சொன்னாள். கல்மண்டபத்தில் கிருஷ்ணப்பன் மூட்டை ஏற்றும் மளிகை மொத்தக்கடையின் முதலாளி தேவப்பிரியத்தின் மனைவி அவள்.

“சர்ச்சுப் பண்டிகைக்கு நாங்க நாசரேத் பக்கம் ஊருக்குப் போறோம் கேட்டியா. காலடிப்பேட்டை வீடு மூணு நாள் சும்மாத்தான் கெடக்கும். நீங்க வந்து இருங்க. நடந்தா கடல். எங்களுக்கும் காவலாச்சு.”

கிருஷ்ணப்பன் துள்ளிவிட்டான். “பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீ. எனக்கு மட்டும் ஒரு டிக்கெட்டு. உலகத்துலயே சீப்பான டூர் இதான்மே!”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினார்கள். பழைய ஓட்டு வீடு. உயரமான மதில், இரும்பு கேட். பக்கவாட்டு முற்றத்தில் அடிபம்பு, அதை ஒட்டிச் சாமான் தேய்க்கும் கல். இருட்டியதும் வடக்கே தொழிற்சாலைப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் கண் சிமிட்டின. காற்றில் கேஸ் வாடை. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவதுபோல் கடல் சத்தம்.

மீன் குழம்பு சாப்பிட்டு முடித்ததும் கிருஷ்ணப்பன் சாமானையெல்லாம் பம்படியில் போட்டான். “அப்டியே கெடக்கட்டும். லீவுமே உனக்கு, படு!”

தாயம்மா குற்ற உணர்ச்சியோடு படுத்தாள். தூக்கத்துக்கு நடுவில் எங்கோ, க்ரீச்... க்ரீச்... என்று பம்பு அடிக்கும் சத்தம். வியாசர்பாடிக் கனவு என்று புரண்டு படுத்தாள்.

விழித்தபோது மணி ஆறு. பதறி வெளியே ஓடியவள், பம்படியில் அப்படியே நின்றாள். சாமான் எல்லாம் பளபளவென்று கவிழ்ந்திருந்தது. நாலு குடத்திலும் விளிம்பு வரை தண்ணீர். வாசல் தெளித்திருந்தது. அதில் ஒரு கோலம்.

கோலம் மாதிரிதான் இருந்தது. புள்ளி இல்லை, சிக்கு இல்லை. ஐந்து கோணல் முனைகள். அவற்றில் ஒன்று மட்டும் வால்போல் நீண்டு, நேராக வாசற்படியைக் காட்டியது. கேட்டில் பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது.

“யோவ்! நீயா சாமான் தேச்ச?”

“கல்யாணமாயி ஒம்போது வருசத்துல ஒரு நாளு அப்டி நடந்துகீதா?” என்றது போர்வை. “என்ன ஏன் சந்தேகப்பட்ற?”

பிறகு எழுந்து வந்து வாசலைப் பார்த்தவன் தூக்கம் கலைந்து நின்றான். “இது கோலமில்லமே. மந்திரவாதிங்க போட்ற யந்திரம்.”

பக்கத்து வீட்டில் ஜானட் என்ற அம்மாள் தனியாகக் குடியிருந்தாள். தாயம்மா அவள் கதவைத் தட்டினாள். “அக்கா, அந்த வூட்ல காத்து கருப்பு எதனா உண்டா?”

ஜானட்டின் முகம் மாறியது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். “எனக்கு ஒண்ணுந் தெரியாதும்மா” என்று கதவைச் சாத்தினாள். அவளைத் தவிர ஆளில்லாத அவள் வீட்டுக்குள், ஒரு தம்ளர் உருண்டு விழும் சத்தம் கேட்டது.

அன்று இரவு சாமானை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டார்கள். கிருஷ்ணப்பன் கடைக்குப் போய் மூன்று எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, வாசற்படியில் வரிசையாக வைத்தான். சுற்றுலாவில் பஸ் டிக்கெட்டுக்கு அடுத்த செலவு அது. “இத்த தாண்டி எதுவும் வராது” என்றான். சொல்லிவிட்டு மனைவிக்கும் குழந்தைக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் விடிந்தது. கோலம் இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. பக்கெட்டில் ஊறவைத்த துணியெல்லாம் துவைத்துக் கொடியில் காய்ந்தது. எலுமிச்சம்பழங்களைக் காணோம். அந்த இடத்தில் தட்டு மூடிய ஒரு எவர்சில்வர் ஜக்கு.

தடுப்பதற்குள் மகிழினி ஒரு வாய் குடித்துவிட்டாள். “ஜூஸும்மா! புதினாலாம் போட்டு கீது!”

கிருஷ்ணப்பன் படியில் குந்தினான். “பேய்க்கு வெச்ச பழத்த பேயே புழிஞ்சி நமக்கு ஜூஸ் போட்டு குட்துகீது. எலுமிச்சம்பழத்துக்கே பயப்படலன்னா, இது சாதா பேய் இல்லமே.”

தாயம்மா ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. இரண்டு இரவும் அவள் அடித்துப்போட்டதுபோல் தூங்கியிருந்தாள். வருஷக்கணக்காக இருந்த முதுகு வலி விட்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு காலை இப்படிக் கிடைத்தால் போதும் என்று மனசு ஏங்கியது. பேய் நடமாடும் வீட்டில் இவ்வளவு நல்ல தூக்கம் வருவதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

வீட்டைப் பற்றி விசாரிக்கலாம் என்று செல்லக்கனிக்குப் போன் போட்டாள்.

“அக்கா, ஊருக்கு நல்லபடியா போய் சேந்தீங்களா?”

“சேந்தாச்சு, சேந்தாச்சு.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கிசுகிசுத்தது. “நீ நல்லா தூங்குதியாட்டி? அத மட்டும் சொல்லு.”

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. ஒரு காதில் காற்றில் வந்தது. இன்னொரு காதில் போனுக்குள்ளிருந்து வந்தது. இரண்டும் ஒரே நொடியில் நின்றன. போனும் நின்றுபோனது.

“போனுக்குள்ளயும் கப்பல் ஊதிச்சிய்யா. அவங்க ஊரு செம்மண் காடாச்சே. அங்க ஏது கப்பலு?”

கிருஷ்ணப்பன் மெதுவாகச் சொன்னான். “போற வழில வண்டிக்கு எதனா ஆயிருந்தா... ஆத்துமா தன் வூட்டத் தேடித்தான வரும். பாவம் தாயி, செத்த அப்பறமும் அந்த அக்காவால வூட்டு வேலைய வுட முடியல பாரு.”

தாயம்மாவுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. கூடத்தில் மாட்டியிருந்த ஏசு படத்துக்கு முன்னால் நின்று கைகூப்பினாள். தனக்குத் தெரிந்த மாரியம்மனையும் துணைக்குக் கூப்பிட்டு, “அக்காவுக்கு அங்கியாச்சும் ரெஸ்ட்டு குடுங்க” என்று வேண்டிக்கொண்டாள். அப்புறம் பையைக் கட்டினாள். அவள் ஏங்கிய அந்த ஒரு காலை போயே போய்விட்டது.

ஞாயிறு சாயங்காலம் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஜானட் ஓடிவந்தாள்.

“இன்னா, பொட்டி படுக்கையோட? நாளிக்கித்தான போறதா இருந்துது?”

“செல்லக்கனி அக்கா செத்துட்டாங்கக்கா!” என்று தேம்பினாள் தாயம்மா. “அவங்கதான் வந்து சாமான் தேக்குறாங்க!”

ஜானட் தலையில் அடித்துக்கொண்டாள்.

“செத்துட்டாளா? எங்க வூட்ல குந்திகினு, நாளிக்கி உனக்கு இட்லிக்கு மாவாட்டிகினு கீறாமே!”

தாயம்மாவின் கையிலிருந்து பை நழுவியது. ஜானட் குரலைத் தாழ்த்தினாள். “புருசனும் புள்ளயும்தான் ஊருக்குப் போனாங்கோ. போன வருசம் அந்தப் புள்ள அஜினு டெங்குல கெடந்தப்போ ஆஸ்பத்திரில மூணு ராத்திரி நீ முழிச்சிருந்து அவள தூங்க வெச்சியாமே. அதான் இன்னொரு சாவிய வெச்சிகினு வந்து போறா. நேர்ல சொன்னா நீ வுடுவியா? வெளக்கமாத்த புடுங்கிக்க மாட்ட?”

தாயம்மாவுக்கு அந்த மூன்று இரவுகள் மறந்தே போயிருந்தன.

“அப்ப அந்த யந்திரம்?” என்றான் கிருஷ்ணப்பன்.

“அவளுக்கு எங்க கோலம் வரும், நைனா? கிறிஸ்மஸ் ஸ்டாருதான் வரும். வந்தவங்க வாசலு வெறுமனே கெடக்கக் கூடாதுன்னு போட்டா.” ஜானட் தாயம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு காலை ஆச்சு, ஒண்ணு பாக்கி. நான் சொன்னேன்னு காட்டிக்காதம்மா.”

கிருஷ்ணப்பன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

திங்கட்கிழமை, இன்னும் இருட்டு பிரியவில்லை. கேட் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டுத் தாயம்மா கண் விழித்தாள். கணவனும் குழந்தையும் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். பம்பு க்ரீச்சிட்டது. வாசலில் கோலமாவு உதிரும் ஓசை. ஒரு கோடு எங்கோ தடம் மாறிப்போனது அந்த ஓசையிலேயே அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போய் நேராக்கிவிடக் கை துடித்தது. கையை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஜன்னலருகே ஒரு நிழல் வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்தது.

தாயம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் குறட்டை விட்டாள்.

நிழல் அடி மேல் அடி வைத்துச் சாமான் தேய்க்கப் போனது.