கொல்லிமலையில் நான் கண்டுபிடித்த கடல்

நான் கல்லை நக்குகிறவள். தொழில் அப்படி. பாறையை நனைத்தால் அதன் நிறம் துலங்கும். காட்டில் அதற்குக் கைவசம் இருப்பது நாக்குதான். (கல்யாணத்துக்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கணவரின் புகார்.)

கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு அவர்கள் மலையைக் கொண்டே நிலவியல் கற்றுத்தர ஒரு வகுப்பு தொடங்கியிருந்தேன். கண் தெரியாத பொன்னியும் மற்றவர்களைப் போலப் படிக்க வேண்டும் என்பதால் எல்லாம் தொட்டும் முகர்ந்தும் தட்டியும்தான். அதைத் தொடர்வதா, மூடுவதா என்று முடிவெடுக்க, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார்.

செம்மேடு ஊரைத் தாண்டி, குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பயிரிட்ட காட்டோரம் ஒரு தட்டைப் பாறை. நடுவில் குழிந்து வழவழவென்று இருந்தது. பிள்ளைகள் தடவிப் பார்த்தார்கள். நான் நாக்கை வைத்தேன். உப்புக் கரித்தது!

எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்த மலைப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியது, அதில் உப்புக்கு வழியே இல்லை என்று முதல் வருட மாணவிக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்த நிமிடம் தெரியவில்லை.

"ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்திருக்கிறது!" என்று முழங்கினேன். வழவழப்பு அலைகளின் வேலை என்றேன். பொன்னி கை தூக்கினாள். "கேள்வியெல்லாம் கடைசியில்" என்று அடக்கினேன். அதோடு விட்டேனா? "நீங்களும் ருசி பாருங்க சார்" என்று அதிகாரியை வற்புறுத்தினேன். பாவம், குனிந்து நக்கினார்.

"ஆமாங்க மேடம், உப்பேதான்!"

அப்போது மேட்டிலிருந்து ஒரு செவலைப் பசு இறங்கி வந்தது. எங்களைத் தலையால் ஒதுக்கிவிட்டு, அதிகாரி நக்கிய அதே இடத்தைச் சாவகாசமாக நக்க ஆரம்பித்தது.

"பொன்னி, இப்போ கேளு கண்ணு" என்றேன், பசுவுக்கு வழிவிட்டு நகர்ந்தபடி.

"கேள்வி இல்லீங்க மிஸ். இது மாட்டுக்கு உப்பு வெக்கிற கல்லுங்க. எங்க ஊட்டுலயும் இருக்குதுங்க. நாக்கு பட்டுப் பட்டு வழவழன்னு ஆயிருச்சு. தடவுனதுமே தெரிஞ்சுதுங்க. நீங்கதான் கடைசில பேசச் சொன்னீங்க."

அதிகாரி தண்ணீர் பாட்டிலோடு வேலியோரம் ஒதுங்கினார். அவர் கொப்பளிக்கக் கொப்பளிக்க, வகுப்பு கையை விட்டுப் போய்விட்டதென்றே நினைத்தேன். அதைவிட, எல்லோருக்குமான பாடம் என்று பெயர் வைத்துவிட்டு, தெரிந்தவளின் வாயை அடைத்தேனே என்று கூசிப்போனேன்.

வகுப்பை மூடவில்லை. உத்தரவில் ஒரே ஒரு நிபந்தனை: எந்தக் கல்லானாலும் முதலில் மாணவர்கள் பேச வேண்டும், பிறகுதான் ஆசிரியை. இன்றுவரை அப்படியே நடக்கிறது.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. நான் எதையாவது அடித்துப் பேசி, என் கணவர் பதில் சொல்ல வாயைத் திறந்தால், மகள் அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

"பொறுங்கப்பா, மாடு வரட்டும்."