செத்துப்போன ஹோபர்ட் மல்லின்ஸ் எழுதிக்கொள்வது

பெருமதிப்பிற்குரிய இசைப் பத்திரிகை ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு, கென்டக்கி மலைப்பக்கம் மல்லின்ஸ் ஓடையிலிருந்து ஹோபர்ட் மல்லின்ஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

என் மகள் டெஸ்ஸா வெளியிட்ட 'கரிக்குள் என் அப்பன்' என்ற பாட்டுத்தொகுப்பைப் பற்றித் தங்கள் விமர்சகர் போன இதழில் முழுப்பக்கம் உருகியிருக்கிறார். சுரங்கம் விழுங்கிய தந்தையின் ஆவி ஒவ்வொரு பாட்டிலும் உலவுகிறதாம். ஐயா, நான் சுரங்கத்துக்குள் ஒரு நாள்கூட இறங்கியவன் இல்லை. ஆயுள் முழுக்க சோபா விற்றவன். இருட்டென்றால் எனக்குப் பயம். 'மலையின் வயிற்றிலிருந்து எழும் மரணக் காற்று' என்று அவருக்குப் புல்லரித்ததே, அது எங்கள் கார் கொட்டகையில் மான்கறி வைத்திருக்கும் பழைய ஃப்ரீசரின் இரைச்சல். டெஸ்ஸா போன கோடையில் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் பதிவு செய்தாள். கடைசிப் பாட்டில் கல்லறைக்கு அப்பாலிருந்து ஒரு முனகலும் புரியாத மொழியில் ஒரு சாபமும் கேட்கிறதாம். இருக்கும், இருக்கும். பாட்டுகளின் வேகத்தைச் சொல்லவே வேண்டாம், சவ ஊர்வலம் ஒன்று பக்கத்தில் போனால் முந்திக்கொண்டு போய்விடும். நாலாவது பாட்டில் நாயும் செத்துப்போகிறது. அந்த நாய், பிஸ்கட், இதை எழுதும்போது என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது.

லெக்ஸிங்டனில் இருக்கும் மகளை போனில் கூப்பிட்டு, நான் என்னம்மா பாவம் பண்ணினேன், என்னை ஏன் கொன்றாய் என்று கேட்டேன். "சோபா வித்தவரப் பத்திப் பாடினா யாருப்பா அழுவாங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வீட்டுப் பக்கமே வராத பெண்ணுக்கு, உயிரோடிருக்கும் அப்பன் ஒரு பாட்டுக்குக்கூட லாயக்கில்லை போலிருக்கிறது.

இதோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஊர் வானொலியில் தினமும் காலையில் மரண அறிவிப்புகள் வாசிப்பார்கள். இன்றைக்கு யார் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும் என்பதே இங்குள்ள பெண்களுக்கு அதைக் கேட்டால்தான் தெரியும். அந்த அறிவிப்பாளன், பெரிய பத்திரிகையில் நம் ஊர்ப் பெயர் வந்துவிட்ட பூரிப்பில், மரண அறிவிப்புகள் முடிந்த கையோடு தங்கள் விமர்சனத்தை அதே குரலில் வாசித்துத் தொலைத்தான். மதியத்துக்குள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு என் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். பாத்திரம் மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் அடியிலும் பெயரெழுதிய டேப் ஒட்டியிருக்கிறது. முதலில் வந்தவர் தேவாலயத்து ஓமா கோம்ப்ஸ் அம்மாள். கதவைத் திறந்த என்னைப் பார்த்து, எப்போதோ ஒஹையோவுக்குப் பிழைக்கப் போய்விட்ட, என் சாயலிலேயே இருக்கும் என் அண்ணன் டெல்மர் என்று நினைத்துக்கொண்டு கையைப் பிடித்தார்.

"டெல்மரண்ணே, தம்பி இப்படிப் போயிட்டாரேண்ணே."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் கையிலிருந்த கோழிக் குழம்பின் ஆவி மூக்கில் ஏறியது. வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அவர் சாவகாசமாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செத்தவரப் பத்தித் தப்பாப் பேசக்கூடாதுண்ணே. ஆனா உங்க தம்பி எனக்கு வித்த சோபா ஒரு வருசம் தாங்கல. ஸ்பிரிங் குத்திக் குத்தி எங்க வீட்டுக்காரர் நின்னுக்கிட்டேதான் டிவி பாக்கறாரு."

பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொரு சோபாக் கதையை அவிழ்த்தார்கள். பாதிரியார் வந்து, உடல் இன்னும் சுரங்கத்திலேயே கிடக்கிறதா என்று தழுதழுத்தார். வாய் நிறையப் பன்றித்தொடை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவு ஆராதனை என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆகவே தாங்கள் உடனே ஒரு மறுப்பு வெளியிட்டு, 'ஹோபர்ட் மல்லின்ஸ் உயிரோடு இருக்கிறார், அவர் விற்ற சோபாக்கள் தரமானவை' என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். இல்லையென்றால் நான் ஊரில் எந்த முகத்தோடு நடமாடுவது?

கர்த்தர் தங்களுக்குத் தீர்க்காயுளும், தங்கள் விமர்சகருக்கு நல்ல காதும் அருள்வாராக.

இப்படிக்கு, உயிருடன்,
ஹோபர்ட் மல்லின்ஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன், குற்றம் சொல்கிறவன் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்வதுதான் முறை என்று கடைசிப் பாட்டைப் போட்டேன். இதுவரை நாய் சாகும் இடத்தைத் தாண்டியதில்லை, அங்கேயே அணைத்துவிடுவேன். அந்த முனகல் நான்தான். ஃப்ரீசரில் ஐஸ் சுரண்டும்போது எனக்குத் தெரியாமல் வாய்க்குள் ஏதோ பாடுவேன். அதைப் பிடித்துப் போட்டிருக்கிறாள். அந்தச் சாபத்தையும் தங்கள் விமர்சகருக்கு மொழிபெயர்த்துத் தருகிறேன்: "டெஸ்ஸா, சாப்ட்டியாம்மா? சோளரொட்டி ஆறிப்போவுது." அதற்குப் பிறகு கிட்டாரைக் கீழே வைக்கும் சத்தம். "வரேம்ப்பா" என்கிறாள். அதோடு தொகுப்பு முடிகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

ஆராதனையில் பாடச் சொல்லிப் பாதிரியார் அவளைக் கூப்பிட்டாராம். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எனவே மறுப்பு எதுவும் வேண்டாம். நான் செத்தது செத்ததாகவே இருக்கட்டும். முன்வரிசையில் டெல்மராக உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். சோபா பற்றிய வரியை மட்டும் எப்படியாவது போட்டுவிடவும். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது.